சிதறலை வைத்துச் சொன்ன பதில்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம். கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே, எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வு முடித்து வந்த ஒரு பெண் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணையொண்ணு தள்ளுற புரோட்டானுங்க அணுக்கருவுல எப்படி ஒட்டிக்கினு இருக்குதுன்னு வாத்தியாரு கேட்டாரும்மா.”

“நீ இன்னா சொன்ன?”

“ரொம்பக் கிட்ட வந்துட்டா, தள்ளுறத விடப் பெரிய விசை ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கும்னேன். கண்ணால பாத்தியான்னாரு.”

“ஐயோ!”

“அணுக்கரு மேல துகள வீசி அடிச்சா, அது செதறிப் போற தினுசுலயே தெரியும்னு போர்டுல கணக்குப் போட்டேன். தப்புன்னாரு. இல்ல சார்னு மறுபடியும் போட்டேன்.”

“அப்புறம்?”

“எழுந்து போர்டாண்ட வந்து பாத்தாரு. நீ சொன்னதுதான் சரி, பாஸுன்னுட்டாரு.”

பொன்னேரி வந்தது. அம்மா காலி மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “எங்க பழவேற்காட்டுப் பொண்ணு, வாத்தியாரையே எழுந்து நிக்க வெச்சிட்டு வருதுய்யா!”