மர்ளியா சீவின பென்சில்

அஸ்ஸலாமு அலைக்கும்! எல்லாரும் நல்லா இருக்கியளா? கதீஜா ராத்தா, முட்டுவலி தேவலையா? எங்க வீட்டு ஆட்டுக்கும் கால்வலிதான், வேலியத் தாண்டி விழுந்துருச்சு... சரி, அது கெடக்கட்டும்.

நம்ம புள்ளைகளுக்கு மதரஸால யாரோட வரலாறச் சொல்லிக்குடுக்குறதுன்னு கூடியிருக்கோம். போர்ல ஜெயிச்சவங்க வரலாறு போதும்ங்குறாரு தலைவரு. எனக்குப் படிப்பு கெடையாது. குட்டியா ஒரு கதை இருக்கு, கேளுங்க.

என் தம்பி மஸூது சவூதில, தமாம்ல லாரி ஓட்டுறான்ல? போன தடவை வந்தப்ப மக மர்ளியா கட்டிலுக்கடில ஓடி ஒளிஞ்சுக்கிட்டா. "வாப்பாடா, வா"ங்குறான். அவ சொல்றா... "எங்க வாப்பா போன்ல இருக்காங்க. நீங்க யாரு?"

நாங்க சிரிச்சோம்... அவன் சிரிக்கலயே! லீவு முடியிற வரைக்கும் புள்ள மடிக்கு வரல.

இந்த வருசம் மதரஸால ஓதிக்குடுக்குற ஆலிமா பல்கீஸு, இபுறாஹீம் நபி அலைஹிஸ்ஸலாம் வரலாறு சொல்லிருக்கு. பச்சப்புள்ள இஸ்மாயிலையும் உம்மாவையும் பொட்டல்ல விட்டுட்டு, அல்லாஹ் சொன்னான்னு வாப்பா போனாங்கள்ல? ஒடனே மர்ளியா கேட்டுருக்கா: "திரும்பி வந்தப்ப புள்ளைக்கு அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா. இஸ்மாயில் வளந்து, ஜம்ஜம் கெணத்துப் பக்கத்துல மரத்தடில அம்பு சீவிக்கிட்டு இருந்தாங்க. வாப்பாவக் கண்டதும் எந்திரிச்சுப் போனாங்க."

இன்னைக்கு மஸூது வர்றான். ஏர்போர்ட்டுக்கு வண்டி கெளம்புது, இவளக் காணோம். எங்கன்னு பாத்தா... வேப்பமரத்தடில உக்காந்து பென்சில் சீவுறா!

"ஏ கழுதை, வண்டியில ஏறு!"

"நான் இங்கதான் இருக்கணும் பெரியவாப்பா. அப்பத்தான வாப்பாவப் பாத்ததும் எந்திரிக்கலாம்?"

புதுப் பென்சிலு... சீவிச் சீவி இப்ப வெரல்ல புடிக்க முடியல. பிளேன் லேட்டாம். அடுத்ததையும் எடுத்துட்டா.

சொல்லுங்க... எந்தப் போரு அவளுக்கு இதச் சொல்லிக்குடுக்கும்? வாளெடுத்தவங்க வரலாறும் வேணும், வேணாங்கல. ஆனா நம்ம தெருவுல எத்தன வீட்டுல வாப்பா போன்ல இருக்காங்க? நபிமாரு வீட்டுலயும் இப்படிப் பிரிஞ்சு கெடந்தாங்கன்னு, ஏங்குற புள்ளைக்கு மொதல்ல அதச் சொல்லுங்க. சொன்னாத்தான் நம்ம புள்ளைக—

யாரு கூப்புடுறா? கார் வந்துருச்சா?... மர்ளியா? எந்திரிச்சுட்டாளா!... செத்த இருங்க, நான் இந்தா...