குட்டிக்கு என்ன பால்?

ஹலோ... ஹலோ, சொல்லுங்க ஸ்ரீநிவாசராகவன் சார். கிறிஸ்டிதான் பேசறேன்... ஆமா, பஸ்ல இருக்கேன், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். உங்க அபார்ட்மென்ட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன்... தினம் வர்ற மாதிரிதான் சார், குரங்கு பார்க்க.

பாராட்டா? எனக்கா?... ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்ல... பொன்னாடையா? எதுக்கு சார்? ஒன்றரை வருஷமா நோட்டும் கையுமா உங்க காம்பவுண்டைச் சுத்தறேன், வாட்ச்மேன் இன்னும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து கேக்கறார்... சரி சரி, அதை அப்புறம் பேசலாம். ஏதோ சந்தேகம்னீங்களே?

குட்டிக்கு என்ன பால் கொடுக்கறதா?... பசும்பாலா பாக்கெட் பாலான்னு என்கிட்ட கேட்டா... குட்டி எங்கே இருக்கு? தண்ணி டேங்க் மேல, தனியா. ஆறு மணியிலேர்ந்து கத்திட்டே இருக்கா?... ம். லேடீஸ் எல்லாம் பார்த்துட்டு அழறாங்களா. சரி சார், அதோட அம்மா எங்கே?

... கூண்டுலயா.

மொத்தம் எத்தனை குரங்கைப் பிடிச்சீங்க?... பதினொண்ணு. கூண்டை எங்கே வெச்சீங்க?... அரச மரத்துலேர்ந்து இறங்கற வழியில. அந்த வழி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

... ஆமா. ஆமா சார், நான்தான் உங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எந்த மரத்துல தூங்கும், எத்தனை மணிக்கு இறங்கும், எந்தச் சுவர் வழியா வரும்னு... அந்த நேரத்துல மட்டும் ஜன்னலைச் சாத்திக்கோங்கன்னு சொல்றதுக்காகப் போட்ட சார்ட் அது... ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சா. தேங்க்ஸ். என் பிஎச்.டி. கைடுகூட அதை இவ்வளவு கவனமா படிச்சதில்ல.

கூண்டை ஏத்தின வண்டி கிளம்பிடுச்சா?... டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார். நல்லது. எங்கே விடப் போறாங்க?... செங்கல்பட்டு தாண்டி ஏதோ காடு. சார், அங்கே வேற கூட்டம் இருக்கும். இதுங்களைச் சேர்த்துக்காது, கடிச்சே துரத்தும்... இல்ல சார், குரங்குன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. யார் யாரோட பொண்ணு, நேத்து யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அதுங்களுக்குத் தெரியும்... நம்ம பி பிளாக் மாதிரிதான், ஆமா. இதுங்க சண்டை போட்ட சாயங்காலமே பக்கத்துல உக்காந்து பேன் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வனத்துறை லெட்டர் இருக்கா?... வாய்மொழியா சொன்னாங்களா. யாரு?... பிடிக்க வந்தவரே சொன்னாரா... மிரட்டலை சார். பொதுக்குழுவுல எல்லாரும் கை தூக்கிட்டா அது சட்டம் ஆயிடாது. கேஸுன்னு வந்தா நான் சாட்சி சொல்லுவேன். சார்ட் என்னோடது, அதனால என் பேரும் அதுல வரும். வரட்டும்.

அழலை சார். பஸ்ல புகை.

ஒண்ணு பண்ணுங்க. டிரைவர் வர்றதுக்குள்ள அந்தக் கூண்டுக் கதவைத் தூக்கி விட்டுடுங்க... நீங்கதான் சார், வேற யாரு? அறுபத்தெட்டு வயசுன்னு எனக்குத் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறுங்க, வாட்ச்மேன் பிடிச்சுப்பார்... ஆமா, வயர்தான் முறுக்கி இருக்கும், பிரிங்க. மெம்பர்ஸ் கேட்டா என் பேரைச் சொல்லுங்க. பொன்னாடையை வேற யாருக்காவது போட்டுக்கலாம்... போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கெட்ல வைங்க.

... சத்தம் கேக்குது. ஆச்சா? எண்ணுங்க... ஏழு, எட்டு... பதினொண்ணு. குட்டி?... இறங்கிடுச்சா? எதுகிட்ட போச்சு?... வயித்துல ஒட்டிக்கிச்சா.

... அதுதான் அம்மா.

என்னது?... காது கிழிஞ்ச கிழவியா? அது கூண்டுக்குள்ள போயிருக்காது, வயசான குரங்கு, கூண்டுன்னா என்னன்னு அதுக்குத் தெரியும். எங்கே வருது?... உங்களைப் பார்த்தா? ஓடாதீங்க. அது கண்ணைப் பார்க்காதீங்க, பார்த்தா சண்டைக்குக் கூப்பிடறதா எடுத்துக்கும். தலையைக் குனிங்க... இன்னும் கொஞ்சம்... மாடியிலேர்ந்து பார்த்தா பார்க்கட்டும் சார். குனிஞ்சபடியே உதட்டைச் சேர்த்து ப்ச், ப்ச், ப்ச்னு மெதுவா... அதுங்க பாஷையில சண்டை வேணாம்னு அர்த்தம்... ஆமா, நீங்க செக்ரட்டரிதான், எனக்குத் தெரியும். பண்ணுங்க.

...

திருப்பிப் பண்ணுதா?

... மன்னிச்சிடுச்சான்னு என்னைக் கேட்டா, தெரியாது சார். அதை நான் எழுத முடியாது. உதட்டை அசைச்சுது, திரும்பிப் போச்சு, அவ்வளவுதான் எழுதலாம்... நீங்களா? நீங்க என்ன வேணா நினைச்சுக்கலாம். நீங்க தீசிஸ் எழுதலையே.

உக்காந்துட்டீங்களா? சரி, உக்காருங்க, தண்ணி குடிங்க... மணி மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார், அது உங்ககிட்ட வந்து நின்னப்போ... எட்டு பதினாறா, பதினேழா?... பதினேழு. ம், எழுதிக்கிட்டேன். சாட்சின்னு உங்க பேரைப் போட்டுக்கறேன்.

வைங்க சார், நான் இறங்கணும்.