தெமுர் பாடின இடம்

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. நான் இழுப்பதை நிறுத்தவில்லை. கயிற்றின் மறுமுனையில், மண்ணில் புதைத்த ஒயின் தாழிக்குள், என் தம்பி தெமுர். அவன் மனைவி லமாரா திராட்சைக் கொடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடிவந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அவனை வெளியே எடுத்தோம். மூக்கு நுனியில் வண்டல் ஒட்டியிருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். மூச்சு இல்லை.

விபத்து என்று எழுதி வழக்கை மூடிவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, ஐயா. எங்கள் இமெரெத்தி மாகாணத்தில் தாழி கழுவ இறங்கிச் செத்தவர்கள் உண்டு. நான் இன்று நானாகவே இந்தக் காவல் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஒரு பலகை. ஞாயிற்றுக்கிழமை என் தோட்டத்து வாசலில் ஊரார் நட்டார்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது.

நீங்கள் நகரத்துக்காரர். எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் பெயர் வைக்க முடியாது. அங்கே ஏதாவது நடக்க வேண்டும். ஊர் அதைப் பேசிப் பேசி, அதுவே பெயராக நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்து மேல்சரிவு 'கழுதை உருண்டது'. உண்மையிலேயே உருண்டது, பழக்கூடையோடு. அதற்கடுத்தது 'மாமியார் திரும்பிப்போனது'. ஆற்றோரத்தில் எங்களுக்கு இருந்த துண்டுக்கு மட்டும் பெயர் கிடையாது. வெறும் கீழ்த்துண்டு. அதில் கல் பொறுக்கி, கொடி நட்டு, அதன் ஓரத்து வால்நட் மரத்தடியில் தாழிகளைக் கழுத்துவரை புதைத்தவன் நான்.

ஒரு பெயருக்காக நான் காத்திருந்தேன். அங்கே காட்டுப்பன்றி சுட்டேன். ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, கீழ்த்துண்டில் நல்ல விருந்து என்று சொல்லிப் போனார்கள். ஒருமுறை அங்கேயே ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. வலியிலும் ஒரு சந்தோஷம், இனி என் பெயரால் 'மால்காஸ் விழுந்தது' என்பார்கள் என்று. நான் 'கழுதை உருண்டது' பக்கத்தில் விழுந்தேன் என்றுதான் ஊர் பேசியது.

தெமுருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து கதை சொல்லி ஒயின் விற்பான். ஒரு நாள் மதிய விருந்தில் புது பாட்டில் ஒன்றை என் முன்னால் வைத்தான். கீழ்த்துண்டு ஒயின். அதில் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருந்தது: ராணி கால் கழுவின இடம்.

"எந்த ராணிடா?"

"ஏதோ ஒரு ராணி, அண்ணே. நடந்து வந்திருக்கா, கால் வலிச்சிருக்கு, ஆத்துல கழுவிட்டுப் போயிருக்கா. உனக்கென்ன?"

"அங்க கல் பொறுக்கினது நான்டா."

"நீ பொறுக்கின கல்லை பாட்டில்ல ஒட்டினா எவன் வாங்குவான்?"

லமாரா சோளரொட்டியைப் பிட்டபடி சொன்னாள்: "பெரியத்தான் கால் கழுவினார்னு போடுங்களேன். ஆறே கறுத்துப்போச்சுன்னு சேர்த்துக்கலாம்."

நானும் சிரித்தேன். எல்லோருக்கும் ஊற்றினேன். அப்புறம் வழக்கம்போல் பாடினோம். தெமுர் முதல் குரல், நான் அடிக்குரல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் எடுப்பான், நான் தாங்குவேன். குரல் இரண்டும் ஒரே மாதிரி. லமாராவே போனில் ஏமாந்திருக்கிறாள். ஆனாலும் எடுப்பது அவன்தான்.

இலையுதிர்காலம் முடிவதற்குள் ஊரும் ராணி என்று சொல்லத் தொடங்கியது. ரொட்டிக்கடைக்காரன் என்னை, "வாங்க ராணி தோட்டத்துக்காரரே" என்றான். அப்போதுதான் யோசித்தேன். பொய்ப் பெயரை வாதாடி அழிக்க முடியாது. அந்த இடத்தில் உண்மையாக ஒன்று நடந்தால் அது தானாக உதிர்ந்துவிடும். கோபத்தில் யோசித்ததில்லை, ஐயா. தம்பி மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. தாழி வாய்க்குள் நுழையும் உடம்பு அவனுக்குத்தான் இருந்தது. அவ்வளவுதான்.

ஒயினை எடுத்த மறுநாள் தாழியைக் கழுவ வேண்டும். அடியில் மிச்சமிருக்கும் வண்டலிலிருந்து ஒரு விஷக்காற்று கிளம்பித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவோம். அணைந்தால் யாரும் இறங்குவதில்லை.

அன்று இறக்கியது நான். தெமுர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் விருந்தாளிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எரியுதா?"

"எரியுது."

பாதி ஆழத்திலேயே அணைந்திருந்தது. மேலே தூக்கி மறுபடி பற்றவைத்துக் கையில் வைத்திருந்தேன். அவன் திரும்பிப் பார்த்தபோது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு விதத்தில் நான் பொய் சொல்லவில்லை.

"கயித்தைப் பிடிச்சிக்கிட்டுத் தூங்கிராத. உன் தொப்பை விழுந்தா தாழி உடைஞ்சிரும்," என்று சிரித்துவிட்டு, இடுப்பில் கட்டிய கயிற்றோடும் செர்ரி மரப்பட்டைத் தேய்ப்பானோடும் இறங்கினான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே இறங்கியவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் உடனே இழுக்க வேண்டும். கயிற்றுக்காரன் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்களும் ஒரு காதை அங்கேயே வைத்திருப்பார்கள். லமாரா கூப்பிடு தூரத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் விபத்து என்று முடித்தீர்கள். ஊர்முழுக்கவும் அதையே சொல்கிறாள். "கடைசி அடி வரைக்கும் பாடினாரு. என் காதால கேட்டேன். பாட்டு முடிஞ்சதும் பெரியத்தான் இழுக்க ஆரம்பிச்சிட்டாரு. ஒரு நொடி தாமதிக்கல." ஊர் அழுதது. ராணியை மறந்தது. பலகை நட்டது: தெமுர் பாடின இடம்.

என்னால் அதைக் கடந்து உள்ளே போக முடியவில்லை. நடக்காத ஒன்றுக்கு ஒரு பெயர். மறுபடியும்.

தெமுர் பாட்டின் இரண்டாம் அடியிலேயே நின்றுவிட்டான், ஐயா. வண்டலைத் தேய்க்கக் குனிந்தான், நிமிரவில்லை. லமாரா வேகமாக ஓடக்கூடியவள். அந்த மௌனம் அவள் காதில் விழுந்திருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான். நான் தாழி வாயில் குனிந்து, அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் குரல். தாழிக்குள் போய்த் திரும்பி நன்றாகவே ஒலித்தது. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. கடைசி அடிவரை பாடிவிட்டுத்தான் இழுத்தேன்.

பலகையைத் திருத்தச் சொல்லுங்கள். அங்கே பாடினது நான்.