வானிலைப் பாடம் வரைக்கும்

ஹலோ... அக்கா, நான்தான். குளியலறையில இருந்து பேசறேன். குழாயைத் திறந்து விட்டிருக்கேன், சத்தமா பேச முடியாது... ஆமா, ஆமா, உன் காரை ஜன்னல் வழியா பார்த்துட்டேன். பேக்கும் ரெடி...

எப்படி வர்றது? கதவு பூட்டியிருக்கு. சாவி மாமியார் கழுத்துல தொங்குது. இவரு ஆபீஸ் கிளம்பறப்ப அம்மாகிட்ட குடுத்துட்டுத்தானே போவாரு... கேக்கறதா? எந்த பாஷையில கேக்க? அவங்களுக்கு பிரெஞ்சைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது...

கிளாசுக்குப் போனேன், சரி. மணி கேக்கறது, வானிலை, ரெண்டு பாடம் முடிஞ்சதும் இவரு நிறுத்திட்டாரு. வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கு இது போதும்னுட்டாரு. சாவிக்கு என்ன வார்த்தைன்னு நான் எங்க கண்டேன்...

என்னத்தைப் பேசுவோம்? காலையில "இல் ஃபே ஃப்ருவா", குளிருதும்பாங்க. ஆமாம்பேன். மத்தியானம் "இல் ப்ளே", மழை பெய்யுதும்பாங்க. அதுக்கும் ஆமாம்பேன். ஒன்றரை வருஷமா இதேதான்க்கா. மூச்சு முட்டுது...

அழல. அழலக்கா...

சரி, சரி. குளியலறையை விட்டு வெளியில போறேன். நீ வச்சிராதே...

அத்தே... இல் ஃபே போ...

வெயில் அடிக்குதுன்னு சொன்னேன்க்கா. வெளியில போலாம்னு கூப்பிட வேற என்ன தெரியும் எனக்கு... மழை கொட்டுதுன்னு எனக்கும் தெரியும், சிரிக்காதே... ஜன்னலைக் காட்டறாங்க. "இல் ப்ளே தே கோர்த்". கயிறு கயிறா பெய்யுதாம்...

போச்சு. பேக்கைப் பார்த்துட்டாங்க...

என்னையே பார்க்கறாங்க... இரு, மணி கேக்கறாங்க... இல் எ காத்ர் எர், அத்தே... நாலுன்னேன். மகன் வர எவ்வளவு நேரம் இருக்குன்னு கணக்குப் போடறாங்கக்கா. போன் போட்டுச் சொல்லப் போறாங்க. தொலைஞ்சேன்...

அவங்க ரூமுக்குள்ள போயிட்டாங்க... நீ மேல வராதே. சும்மா இரு...

வராங்க. கோட்டு மாட்டியிருக்காங்க... கையில பெட்டி. என்னுது இல்ல, அவங்களோடது... இப்ப அடுக்கினது இல்லக்கா. மேலெல்லாம் தூசி படிஞ்சிருக்கு. எத்தனை நாளா கட்டிலுக்கடியில இருந்துச்சோ...

சாவியைக் கழட்டிட்டாங்க. என் கையில வைக்கறாங்க. கதவைக் காட்டறாங்க...

பேசாம நான் சொல்றதைக் கேளு. பின் சீட்ல கிடக்கறதை எல்லாம் எடுத்து டிக்கியில போடு. அத்தையும் வராங்க. வைக்கறேன்.