படத்துல இருக்கிற மாதிரி

இல்ல தங்கச்சி, உன் மேல எனக்கென்ன கோவம்? உன் கையில அந்தப் படத்தைக் கொடுத்து, ஆட்டத்துக்கு இதே மாதிரி கட்டி விடுன்னு சொல்லிட்டாங்க. நீ என்ன பண்ணுவ. இந்த இறகெல்லாம் எங்களோடது இல்லைன்னு மட்டும்தான் சொல்ல வந்தேன். நீ பாட்டுக்குக் கட்டு, நான் பேசிட்டே இருக்கேன். பேசலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்.

அந்தப் படத்துல முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, யாருன்னு நினைக்கிற? எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்கு அப்பா. நிஜமாத்தான். ஏன் சிரிக்கிற, ஸ்டாம்புல இருக்கிறவருக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கக் கூடாதா?

எங்க மலைக் குளிர் உனக்குத் தெரியாது. காலையில வாயைத் திறந்தா புகையா வரும். அங்க எவனாவது வெறும் உடம்புல இறகைக் கட்டிட்டுத் திரிவானா? ஜன்னி கண்டு வம்சமே போய்ச் சேர்ந்திருக்கும். கெட்டித் துணியில, கழுத்து வரைக்கும் முடிச்சுப் போட்ட முழுக்கைச் சட்டை, அதுதான் எங்களுக்கு. ஆம்பள பொம்பள எல்லாருக்கும்.

அப்புறம் எப்படியா? வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் கேமராப் பெட்டியைத் தூக்கிட்டு மேல வந்தான். சட்டையோட நின்னா அவன் ஊர்ல யாரும் காசு கொடுத்துப் பார்க்க மாட்டாங்களாம். இறகை அவனே கொண்டுவந்திருந்தான், ஏதோ கடலோரத்துப் பறவையோடது. எங்க மலையில அப்படி ஒரு பறவை பறந்ததே இல்ல. பெரியவர் சட்டையைக் கழட்ட மாட்டேன்னு நின்னுட்டார். ரெண்டு சிப்பாய்ங்க புடிச்சுக் கழட்டினாங்க. அந்த முறைப்பு அதுக்கு. பாடப் புத்தகத்துல அந்தப் படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கு? நம் மண்ணின் வீரம்.

சரி, துரை போயிட்டான். நம்ம ஆளுங்க வந்தாங்க. நாட்டுக்கு ஒரு அடையாளம் வேணும்னு தேடினப்போ அவன் எடுத்த படம்தான் கையில கிடைச்சிருக்கு. ஸ்டாம்புல போட்டாங்க, விமானத்து வாலுல வரைஞ்சாங்க, பிஸ்கட் டப்பாவைக் கூட விடல. எங்க பெரியவர் உலகம் பூரா பறக்கிறார். நாங்க மட்டும் சொந்த மலையில கால் வைக்கக் கூடாது. துரை போட்ட வேலிக்கு இவங்க புதுசா பெயிண்ட் அடிச்சு, நாட்டுச் சொத்துன்னு பலகை மாட்டிட்டாங்க. எங்களை அன்னைக்கே கீழ இறக்கினதுதான். நான் துணிக் கம்பெனியில சட்டை பட்டனுக்குக் காஜா எடுத்துட்டு இருக்கேன்.

இரு, இந்த பனியன் எதுக்கு, தோல் நிறத்துல? வெறும் உடம்பு மாதிரியும் தெரியணும், மானமாவும் இருக்கணுமா? நல்லா யோசிச்சிருக்காங்க.

பூர்வகுடின்னு நிரூபிச்சா மலைக்குப் போகலாம்னு போன வருஷம் ஒரு கமிட்டி போட்டாங்கல்ல, எங்க வீட்டுக்காரர் போனார். முழுக்கைச் சட்டையோடதான். கமிட்டித் தலைவர் மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, நீங்களும் எல்லாரையும் மாதிரிதானே இருக்கீங்க, உங்க பாரம்பரிய உடை எங்கன்னு கேட்டிருக்கார். இவர் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அது வெள்ளைக்காரன் பழக்கிவிட்டதுன்னு சொல்லி, இந்தப் படத்தை எடுத்து முன்னாடி வெச்சாராம். எப்படி இருக்கும் சொல்லு. சட்டை அவன் கொடுத்ததாம், இறகுதான் எங்களோடதாம். எங்க பெரியவரை அவமானப்படுத்தின படத்தை வெச்சு எங்களை அளக்காதீங்கன்னு கத்திட்டு வந்துட்டார். மனு அன்னைக்கே தள்ளுபடி.

நான் சொல்லாம இருப்பேனா? ஒரு தடவை இறகைக் கட்டிட்டு நின்னுட்டு வாங்க, காரியம் முடியட்டும்னு சொன்னேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார், அவருக்காவது ஆள் வெச்சுக் கழட்டினாங்க, என்னை நானே கழட்டிக்கச் சொல்றியான்னு.

முதுகுப் பக்கம் இன்னும் இறுக்கு. ஆட்டத்துல அவுந்தா வம்பு. அந்தக் கமிட்டித் தலைவர் முன் வரிசையில உட்கார்ந்திருக்கார், திரை இடுக்குல பார்த்தியா, மாலையைக் கழட்டி மடியில வெச்சிருக்காரே, அவர்தான். எங்க மச்சினர் நேத்து அவர் வீட்டு வாசல்ல போய் நின்னார். பாதி நாள் நிக்க வெச்சுட்டு, படத்துல இருக்கிற மாதிரி எல்லாரும் வந்து ஆடட்டும், ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வரக் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்கார். முக்கியமா நான் ஆடணுமாம். அந்தச் சண்டைக்காரன் பொண்டாட்டி வந்தாளான்னு பார்க்கணும்ல அவருக்கு.

என்னது, மேடையில சிரிச்ச முகமா இருக்கணுமா? முயற்சி பண்றேன்.

இல்ல, எங்க வீட்டுக்காரர் பார்க்க வரமாட்டார். அவர் முந்தாநாள்ல இருந்து ஆஸ்பத்திரி சவக்கிடங்குல இருக்கார். மாரடைப்பு. எங்க ஆளுங்களை மலையிலதான் புதைக்கிறது, அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து. ஆட்டம் முடிஞ்சதும் நேரா எடுத்துட்டுப் போகணும்.

ஏன் நிறுத்திட்ட? கட்டு தங்கச்சி. அடுத்து எங்களைத்தான் கூப்பிடுறாங்க.