செம்பாயி, எந்திரி!

ரயிலு ஓடாத காலம்னு வச்சுக்கங்க. இதே ஓடைக்கரைப்பட்டிக்கு வீரணன்னு ஒரு வித்தைக்காரன் வந்தானாம். கூட அவன் பொஞ்சாதி செம்பாயி. இப்ப வித்தைக்காரனுக எல்லாம் "செம்பாயி, எந்திரி!"ங்கிறானுகளே, அது மலையாள மந்திரம்னு ஒருத்தன் சொல்றான், காளி பேருன்னு ஒருத்தன் சொல்றான். போங்கடா! அது வயித்துப்புள்ளைக்காரி ஒருத்தி பேரு.

கூடை வித்தை அவங்களுது. பானை வயிறு மாதிரி பெரிய கூடை. செம்பாயி உள்ள போயி ஓரமாச் சுருண்டுக்கிருவா. சுருண்டதும் கையில கெடக்குற ரெண்டு வளவியக் குலுக்குவா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் வீரணன் நடுவுல வாளை இறக்குவான்.

அப்ப அவளுக்கு ஏழு மாசமாம். "வேணாம்டி"ன்னானாம். "இன்னைக்கு ஒருநா மட்டும் மாமா, பேறுகாலத்துக்குக் கஞ்சி வேணாமா?"ன்னாளாம்.

அவளுக்குத் தாயி இல்லையாம். நம்ம ஊருப் பொம்பளைகளுக்கு மனசு கேக்கல. "நாங்க இருக்கோம்டி ஆத்தா"ன்னு, அன்னைக்குக் காலையில ரெண்டு கையும் நெறைய கண்ணாடி வளவி போட்டுவிட்டாங்களாம். "தாய்வீட்டு வளவி, கழட்ட மாட்டேன்"னு அப்படியே கூடைக்குள்ள எறங்கிட்டா.

வயிறு இடிக்குது. சுருள முடியல. கை அசையுது, அத்தனை வளவியும் கலகலங்குது. சுருண்டாச்சுன்னு நெனச்சான் பாவி மனுசன். இறக்கிட்டான்.

செவப்பா ஒழுகுது. சனம் சிரிக்குது, "மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணிடோய்!" வீரணன் வாளை உருவி எறிஞ்சான். "செம்பாயி, எந்திரி!"ன்னு கத்துறான். வித்தைக்காரன் சொன்னா சனமும் கூடச் சொல்றது அப்ப வழக்கம். ஊரே சொல்லுச்சாம், "செம்பாயி, எந்திரி!" அவன் அழுகுறான், ஊரு கைதட்டுது. அவன் மண்ணுல பொரள்றான், ஊரு கைதட்டுது. அட தெய்வமே, கைதட்டுச்சாம்!

வளவி போட்டுவிட்டவங்கள்ல ஒருத்தி, பிச்சாயின்னு பேரு, ஓடிப்போயி மூடியத் தெறந்தா. உள்ள பூராவும் ஒடஞ்ச வளவி. "அய்யய்யோ, நெசம்டீ!"ன்னா பாருங்க, அப்பத்தான் கைதட்டு நின்னுச்சு.

தாய்வீடா நின்னு ஊரே அவளை அடக்கம் பண்ணுச்சாம். வீரணன் அந்த ஒரு சொல்லையே கத்திக்கிட்டு ஊரு ஊராத் திரிஞ்சான். கேட்டவனெல்லாம் மந்திரம்னு புடிச்சுக்கிட்டான்.

அந்த வித்தை நடந்த எடம்தான் நம்ம கைதட்டாப் பொட்டல், அதுக்குப் பேரு வந்தது இப்படித்தான். இன்னைக்கும் அங்க வித்தை நடந்தா, கூடைக்குள்ள போனவ எந்திரிச்சு நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கைதட்ட மாட்டோம். நம்ம பொம்பளைக அதுவரைக்கும் வளவியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.