கூரையிலிருந்து வந்த பதில்

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அவரே சொன்னது. அதற்கப்புறம் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி ஏழு மணி இருக்கும். எலும்பு வரைக்கும் போகிற குளிர். இரண்டு பக்கமும் மரங்கள் நிற்கும் சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பெரியப்பா தன் வேனில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். மேலே ஏணி கட்டியிருக்கிறது. பின்னால் மிச்சமான தகரக் குழாய்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங்... டங்... என்று உருளுகின்றன.

வீடுகளில் குளிர்காயும் கணப்புக்குப் புகைக்குழாய் பொருத்துவது அவர் தொழில். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். குழாயை மரச்சட்டத்தோடு ஒட்டினாற்போல் கொண்டுபோகச் சொல்கிற வீட்டுக்காரர்களிடம், "செஞ்சிடலாங்க, தீயணைப்பு வண்டிக்கும் இப்பவே சொல்லி வச்சிடுங்க" என்பார்.

அன்று வேலை ஓர் இளம் தம்பதியின் வீட்டில். கைக்குழந்தை வேறு. பழைய செங்கல் புகைபோக்கியோடு புதுக் குழாயை இணைத்து முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"ஜன்னலையெல்லாம் சாத்திடலாமாண்ணே? குழந்தைக்குக் குளிருது."

"தாராளமா சாத்திக்கம்மா. நெருப்பு வச்சா கதகதன்னு ஆயிடும்."

அப்படிச் சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. கீழே ஒருவர் ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை விடுவார். ஏறுகிற புகையெல்லாம் வெளியே போய்விட்டதாக அர்த்தமில்லை. நடுவில் அடைப்பு இருந்தால் திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கும். அதனால் இன்னொருவர் கூரையில் நின்று பார்க்க வேண்டும். கீழே இருப்பவர் கணப்புக்குள் தலையை நீட்டி "வருதா?" என்று கத்துவார். மேலே இருப்பவர் புகையைக் கண்ணால் பார்த்துவிட்டு "வருது" என்பார். அப்புறம்தான் சாமான்களைக் கட்டுவது.

அன்றும் கேட்டார்.

"வருதா?"

"வருது மாமா."

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டங்... டங்...

ஒரு வளைவு. எதையோ சொல்ல வாயெடுத்துப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலி. அப்படியே பிரேக்கை மிதித்தார்.

அவர் தனியாகத்தான் வேலைக்குப் போயிருந்தார். கூரையில் நின்று எப்போதும் பதில் சொல்கிறவன் அவர் மனைவியின் தம்பி. அவன் போன மழைக்காலத்திலேயே செத்துப்போய்விட்டான். இவர் கேட்டது பழக்கத்தில். பதிலை நம்பியதும் பழக்கத்தில்.

அந்த வீட்டுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "ஐயோ, பச்சைக் குழந்தையாச்சே!" என்று வாய்விட்டு அலறினாராம். வேனைத் திருப்பினார்.

வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கதவைத் தட்டினார்... பதில் இல்லை. தோளால் இடித்துத் திறந்தார். கரி வாடை, ஈரச் செங்கல் வாடை. கணப்பில் கங்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கணவன் தரையில். மனைவி நாற்காலியில், தலை தொங்கி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரையும் இழுத்துப் புல்லில் போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். குழந்தைக்காக மறுபடி உள்ளே ஓடினார்.

தொட்டில் காலி.

கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், எல்லா அறையும் தேடினார். இல்லை. வெளியே வந்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார்.

"குழந்தை எங்கேம்மா?"

"உங்க ஆளுகிட்ட..."

"எந்த ஆளு?"

"கூரையில இருந்து இறங்கி வந்தாரே... குழந்தையைக் கொடுங்கக்கான்னு கேட்டாரு. கொடுத்தேன். அவரு கை ஜில்லுனு இருந்துச்சுண்ணே."

அப்போது கேட்டது, குழந்தையின் அழுகை. மேலேயிருந்து.

பெரியப்பா ஏணியை இறக்கிச் சுவரில் சாத்தினார். ஈர மண். ஏணியின் கால் வழுக்கியது. யாராவது பிடிக்க வேண்டும். கணவனுக்கோ எழுந்து உட்காரவே தெம்பில்லை.

மச்சினன் செத்த அன்றைக்கும் இதே மாதிரி ஈர மண்தான். அவன் கூரையில் இருந்தான். "மாமா, ஏணியைப் பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். பெரியப்பா தெருமுனையில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார், "பிடிச்சிருக்கேன்டா, இறங்கு." அவன் நம்பி இறங்கினான். ஏணி வழுக்கிவிட்டது என்றுதான் ஊருக்குச் சொன்னார். கட்டிய மனைவிக்கும் அதுவேதான் தெரியும்.

வேறு வழியில்லை. ஏறினார். புகைபோக்கியின் மறைவில், காற்றுப் படாமல், போர்த்தி வைத்தபடி கிடந்தது குழந்தை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. புகைபோக்கியின் வாயிலிருந்து ஓர் இழைப் புகைகூட வரவில்லை.

குழந்தையைத் தன் கோட்டில் சுருட்டி, வேலைக் கயிற்றில் கட்டி, மெல்ல... மெல்ல இறக்கினார். கணவன் தவழ்ந்து வந்து வாங்கிக்கொண்டான். மார்போடு அணைத்தபடியே நகர்ந்து மனைவியிடம் போனான். பெரியப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அப்புறம் ஏணியைப் பார்த்தார். தானாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ இறுக்கிப் பிடித்தது போல், சட்டென்று நின்றது. ஏணியடியில் யாரும் இல்லை.

"பிடிச்சிருக்கேன் மாமா. இறங்குங்க."

வேலை நேரத்தில் பேசுகிற அதே குரல். கோபமே இல்லாத குரல். புல்லில் இருந்த கணவனுக்கும் அது கேட்டதாம்.

ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கூரையிலேயே உட்கார்ந்திருந்தால் ஆட்கள் வந்திருப்பார்கள். பெரியப்பாவுக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிடா" என்றார்.

முதல் படியில் காலை வைத்தார்.